எஃப்1 என்றால் உதவி அல்ல

விண்டோஸில் அநேகமாக எந்த மென்பொருளைத் திறந்து எஃப்1 விசையைத் தட்டினாலும் உதவிப் பக்கம் வரும். கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே நமக்கெல்லாம் கை தவறிப்பட்டு அறிமுகமான விஷயம் அது. ஆனால் ஹாம் ரேடியோ போட்டிகளுக்கான மென்பொருளில் எஃப்1ஐத் தட்டினால் உதவியெல்லாம் வராது. மேசைமேல் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் உயிர்பெற்று "சிக்யூ டெஸ்ட்" என்று மோர்ஸில் கூப்பிட ஆரம்பித்துவிடும். 'போட்டியில் இருக்கிறேன், யாராவது இருக்கிறீர்களா?' என்று அதற்கு அர்த்தம். வேண்டுமென்றே தட்டினாலும் சரி, தெரியாமல் தட்டினாலும் சரி, அடுத்த கணம் அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வேறொரு கண்டத்தில் யாரோ ஒருவருடைய காதில் விழுந்திருக்கும். கன்ட்ரோல்-இசட் போட்டு அதைத் திரும்ப வாங்க முடியாது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எந்த வேலைக்கு எந்தக் குறுக்குவிசை என்பது எங்கள் கூட்டங்களில் அடிக்கடி வரும் பேச்சு. பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் வரும். "கன்ட்ரோல்-கே காலியா இருக்கா? அப்ப அதையே வச்சிடலாம்." முடிந்தது கதை. விசை என்பது காலியாக இருக்கும் ஓர் இடம், முதலில் வந்தவர் துண்டு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்கிற மனநிலை. இந்த மனநிலைக்கு நேரெதிரான ஓர் உதாரணத்தைத் தேடினால் ஹாம் போட்டி மென்பொருள்தான் கிடைக்கிறது. அங்கே ஏழெட்டு விசைகளைப் பற்றி நாற்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விசைகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு விசை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விக்கு நாம் நினைக்காத பதில் கிடைக்கும்.

*

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஹாம் என்பவர் அரசு நடத்தும் தேர்வெழுதி உரிமம் வாங்கி, சொந்தமாக வானொலி நிலையம் வைத்துக்கொண்டு இன்னொரு ஹாமுடன் பேசுகிறவர். காசு வாங்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்தியர்களுடையது பெரும்பாலும் வி.யு. என்று தொடங்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் அதிகம் பேருடன், அதிகம் நாடுகளுடன் தொடர்புகொள்கிறார் என்பதுதான் போட்டி. சிக்யூ என்ற இதழ் 1948இல் தொடங்கிய உலகப் போட்டி இவற்றில் பெயர்பெற்றது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதி பேச்சுக்கு, நவம்பரின் கடைசி முழு வார இறுதி மோர்ஸுக்கு. மொத்தம் 48 மணி நேரம். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 22ஆவது மண்டலம்.

ஒரு தொடர்பு என்பது மிகச் சிறியது. நான் சிக்யூ கூப்பிடுகிறேன். நீங்கள் உங்கள் அழைப்புக்குறியை அனுப்புகிறீர்கள். நான் அதைத் திருப்பிச் சொல்லி "599 22" என்கிறேன். நீங்கள் "599 14" என்கிறீர்கள். நான் நன்றி சொல்லி என் அழைப்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்தவருக்குக் காத்திருக்கிறேன். அவ்வளவுதான். நலமா, சாப்பாடாச்சா எதுவும் கிடையாது. நல்ல இடத்திலிருந்து நல்ல ஆன்டெனா வைத்திருப்பவர் மணிக்கு 200 தொடர்பு வரை போவார். அதாவது ஆளுக்குப் பதினெட்டு நொடி.

அந்த 599 என்ன? 1934இல் ஆர்தர் பிராட்டன் என்ற அமெரிக்க ஹாம் ஒரு முறையை முன்வைத்தார். உங்கள் சிக்னல் எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு 5 வரை, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதற்கு 9 வரை, மோர்ஸின் தொனி எவ்வளவு சுத்தம் என்பதற்கு 9 வரை மதிப்பெண். 599 என்றால் நூற்றுக்கு நூறு. இதில் ஒரு கூத்து உண்டு. போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் 599தான் தருவார்கள். இரைச்சலில் மூழ்கி, மூன்று முறை திருப்பிக் கேட்டு, பாதியை ஊகித்து வாங்கிய சிக்னலுக்கும் 599தான். ஒரு காலத்தில் அளவீடாக இருந்தது இப்போது வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வணக்கத்தையும் சுருக்கினார்கள். மோர்ஸில் 9 என்பது நான்கு கோடு, ஒரு புள்ளி. நீளம். அதற்குப் பதில் ஒரு கோடு, ஒரு புள்ளி கொண்ட 'என்' எழுத்தை அனுப்பினாலே எல்லோருக்கும் புரியும். 599 என்பது "5என்என்" ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளியின் நீளத்தை ஓர் அலகு என்று வைத்தால் 599க்கு 49 அலகு, 5என்என்னுக்கு 25 அலகு. நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஓர் அலகு 40 மில்லி நொடி. ஒரு தொடர்புக்கு மிச்சம் கிட்டத்தட்ட ஒரு நொடி. 3000 தொடர்பு போட்டால் 48 நிமிடம்! இரண்டு எழுத்துக்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய், மவுஸை நகர்த்தி 'சேமி' பொத்தானை அழுத்துங்கள் என்று எந்த மென்பொருளும் சொல்ல முடியாது.

*

கணினிக்கு முன்னால் எல்லாம் காகிதம்தான். ஒரு கை மோர்ஸ் சாவியில், இன்னொரு கை பென்சிலில். எழுத வேண்டிய தாள்கள் இரண்டு. ஒன்று குறிப்பேடு: நேரம், அழைப்புக்குறி, கொடுத்தது, வாங்கியது. இன்னொன்றுக்கு டூப் தாள் என்று பெயர். ஒரே அலைவரிசைப் பட்டையில் ஒரே ஆளோடு இரண்டாம் முறை பேசினால் மதிப்பெண் கிடையாது. ஆகவே யாருடன் ஏற்கெனவே பேசியாயிற்று என்பதை உடனே கண்டுபிடிக்க, அழைப்புக்குறிகளை எழுத்துவாரியாகக் கட்டம் கட்டி நிரப்பிய ஒரு பெரிய தாள். ஆயிரம் பேர் ஆன பிறகு அந்தத் தாளில் கண்ணை ஓட்டுவதே ஒரு வேலை.

காகிதத்துக்கும் மூதாதை உண்டு. அமெரிக்காவின் ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் 1914இல் உருவானது, செய்திகளை ஆள்மாற்றி ஆள் கடத்தித் தொலைதூரத்துக்கு அனுப்புவதற்காக. பெயரிலேயே 'ரிலே' இருக்கிறது. அதற்கென்று தந்திப் படிவம் ஒன்று இருந்தது: வரிசை எண், முன்னுரிமை, நிலையம், சொற்கணக்கு, ஊர். 1930இல் அந்த அமைப்பு தொடங்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற போட்டியில் பரிமாறிக்கொள்ளும் விவரங்கள் இந்தப் படிவத்திலிருந்து வந்தவை. இன்று அந்தப் போட்டியில் 'முன்னுரிமை' என்பது நிலையத்தின் பிரிவைச் சொல்லும் ஓர் எழுத்து. 'சொற்கணக்கு' இருந்த இடத்தில் அந்த ஹாம் முதன்முதலில் உரிமம் வாங்கிய வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். கடத்துவதற்குச் செய்தி எதுவும் இல்லை. படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைய மென்பொருளில் ஸ்வீப்ஸ்டேக்ஸுக்கான விவரங்களைப் பார்த்தால் அதே வரிசை. எண், முன்னுரிமை, குறி, வருடம், ஊர்ப்பகுதி. எந்த இடைமுக வடிவமைப்பாளரும் தேர்ந்தெடுத்த வரிசை இல்லை அது. காதில் எந்த வரிசையில் விழுகிறதோ, அதே வரிசையில் கை எழுதுகிறது.

*

1981இல் ஐபிஎம் பிசி வருகிறது. அதன் விசைப்பலகையில் 83 விசைகள். இன்று மேல்வரிசையில் நீளமாகக் கிடக்கும் எஃப் விசைகள் அப்போது இடது ஓரத்தில், இரண்டு பத்தியாக, பத்து விசைகளாக இருந்தன. வலது ஓரத்தில் எண் தொகுதி. அதன் கீழே பூஜ்யமும் இன்செர்ட்டும் ஒரே விசையில். பக்கத்தில் நீளமாக ஒரு கூட்டல் விசை.

அந்த 1980களில்தான் கே1இஏ என்ற அழைப்புக்குறி கொண்ட அமெரிக்கர் கென் வுல்ஃப், டாஸில் ஓடும் சிடி என்ற மென்பொருளை எழுதினார். அழைப்புக்குறியைத் தட்டும்போதே ஏற்கெனவே பேசியவரா என்று சொல்லிவிடும். மதிப்பெண்ணை உடனுக்குடன் கூட்டும். டூப் தாள் ஒரே நாளில் பழங்காலப் பொருளாகிவிட்டது. அதைவிட முக்கியம், கணினியின் போர்ட் ஒன்றில் ஒரு டிரான்சிஸ்டரை இணைத்தால் மோர்ஸையும் மென்பொருளே அனுப்பும். அதாவது மோர்ஸ் சாவியின் வேலையையும் பென்சிலின் வேலையையும் ஒரே விசைப்பலகை எடுத்துக்கொண்டது. குறுக்குவிசை என்கிற பிரச்சினை பிறந்தது இங்கேதான்.

சிடியின் தீர்வு எளிமையானது. எஃப்1 சிக்யூ கூப்பிடும். எதிராளியின் குறியைத் தட்டிவிட்டு இன்செர்ட்டை அழுத்தினால் அவர் குறியும் "5என்என் 22"உம் போகும். அவர் சொன்னதை எழுதிவிட்டுக் கூட்டல் விசையை அழுத்தினால் நன்றி போகும், தொடர்பு பதிவாகும். எஸ்கேப் தட்டினால் அனுப்புவது அந்த இடத்திலேயே நிற்கும். ஏன் இன்செர்ட், ஏன் கூட்டல்? அன்றைய விசைப்பலகையைப் படத்தில் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: வலது கையை லேசாக நகர்த்தினால், பார்க்காமலேயே படக்கூடிய விசைகள் அவை. இடக்கைக்குச் சிக்யூ, வலக்கைக்குப் பதிலும் நன்றியும்.

அப்புறம் விசைப்பலகை மாறியது. 101 விசைகள் கொண்ட பலகையில் எஃப் விசைகள் மேலே போய்விட்டன. மடிக்கணினி வந்தபோது எண் தொகுதியே காணாமல் போனது. சிடியின் விசைகளுக்கு இருந்த உடல்ரீதியான காரணம் பாதி போய்விட்டது. ஆனால் விசைகள் போகவில்லை! எஃப்1 சிக்யூவாகவே நின்றது. பின்னாளில் வந்த என்1எம்எம் என்ற விண்டோஸ் மென்பொருளில் இன்செர்ட் இன்னும் அதே வேலையைச் செய்கிறது; கூட்டலும் அப்படியே. கூடவே, இன்செர்ட்டுக்கு மாற்றாக அரைப்புள்ளி விசை, கூட்டலுக்கு மாற்றாக ஒற்றை மேற்கோள் விசை. இரண்டும் வலது சுண்டுவிரலின் கீழே, பக்கத்துப் பக்கத்தில். பழைய கைக்குப் பழைய வழியை வைத்துக்கொண்டே, புதிய கைக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டார்கள்.

இந்தப் பிடிவாதத்தை வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது. எஃப் விசைகளில் எந்தச் செய்தி இருக்க வேண்டும் என்பதை இந்த மென்பொருள்களில் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எஃப்1ஐ மாற்றுகிறவர்கள் அரிது. காரணம் நாற்காலி. பலர் சேர்ந்து ஒரே நிலையத்தை இயக்கும் பிரிவுகள் இந்தப் போட்டிகளில் உண்டு. 1933இலிருந்து நடக்கும் ஃபீல்டு டே போன்ற நிகழ்வுகளில் கூடாரம் போட்டு 24 மணி நேரம் முறைவைத்து உட்காருவார்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து படுக்கப் போக, இன்னொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த நொடியே தொடர வேண்டும். காத்திருக்கும் கூட்டம் அவர் விசைகளைப் படித்து முடிக்கும்வரை நிற்காது. உங்கள் விசைப்பலகை உங்களுடையது மட்டும் இல்லை என்கிற இடத்தில், குறுக்குவிசை பொதுவழிப் பாதை மாதிரி. அதை உழுது சொந்த வயலோடு சேர்த்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. விண்டோஸின் எஃப்1 உதவி என்கிற சட்டம் இங்கே தோற்றது இதனால்தான்.

*

விசைகளின் இடம் இப்படி உறைந்துவிட்டது என்றால், மற்றவர்களுக்குச் செய்ய என்ன மிச்சம்? அதற்கான பதிலைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும். 1980இல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவல் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினியில் ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரமாகும் என்பதைத் துண்டுதுண்டாகக் கூட்டிச் சொல்லும் முறை. நன்றாகத் தட்டச்சு செய்கிறவருக்கு ஒரு விசைக்கு 0.2 நொடி. விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4 நொடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி. 'அடுத்து என்ன' என்று மனம் தயாராக 1.35 நொடி.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். யோசிக்கிற நேரம், விசை தட்டும் நேரத்தைப் போல ஏழு மடங்கு. விசையை இரண்டு அங்குலம் பக்கத்தில் கொண்டுவந்து நாம் மிச்சம்பிடிப்பது சில்லறை. அடுத்து இன்செர்ட்டா கூட்டலா என்று யோசிக்க வேண்டிய தேவையை ஒழித்தால் கிடைப்பதுதான் நோட்டு. தேர்ந்த கைக்கு அந்த யோசனை நேரம் குறையும், உண்மைதான். ஆனால் முப்பத்தாறாவது மணி நேரத்தில், தூக்கமில்லாத மூளைக்கு அது திரும்ப வந்துவிடும்.

இந்த இடத்தைப் பிடித்தவர் என்6டிஆர் என்ற அழைப்புக்குறி கொண்ட லாரி டைரீ. அவருடைய டிஆர் என்ற டாஸ் மென்பொருளில் என்டர் விசையைத் தட்டினால் போதும். கட்டம் காலியாக இருந்தால் சிக்யூ. குறி எழுதியிருந்தால் அவருக்கு மதிப்பெண்ணும் மண்டலமும். பதில் எழுதியாகிவிட்டால் நன்றியும் பதிவும். உரையாடல் எங்கே நிற்கிறது என்பது மென்பொருளுக்கே தெரியும்போது, மனிதரை எதற்குக் கேட்பானேன்? என்1எம்எம்மிலும் இதே முறை இருக்கிறது. 'என்டர் செய்தி அனுப்பும்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஈஎஸ்எம் என்பார்கள்.

ஸ்பேஸ் பார் இன்னும் அழகு. குறியைத் தட்டிவிட்டு ஸ்பேஸ் தட்டினால் கர்சர் 599 கட்டத்தில் நிற்காது. அதைத் தாண்டி மண்டலக் கட்டத்துக்குப் போய்விடும். 599 அங்கே முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதில் உண்மை இல்லை என்று ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மென்பொருள் மட்டும் அந்த ரகசியத்தை ஒரு விசைக்குள் எழுதி வைத்திருக்கிறது.

*

என்டரிடம் எல்லாவற்றையும் கொடுத்ததில் ஓர் ஆபத்தும் வந்தது. போட்டியில் இரண்டு வகையாக வேலை செய்யலாம். ஓர் அலைவரிசையில் உட்கார்ந்துகொண்டு சிக்யூ கூப்பிடுவது ஒன்று. பட்டை முழுக்கத் திருகிக்கொண்டே போய், கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது இன்னொன்று. இரண்டிலும் என்டரின் அர்த்தம் வேறு. முதலாவதில் காலிக் கட்டத்தில் என்டர் என்றால் சிக்யூ; இரண்டாவதில் என் குறியை மட்டும் அனுப்பு. மாறிப்போனால்? வேறொருவர் மணிக்கணக்காகக் காத்துவரும் அலைவரிசையில், அவர் தலைமேல் ஏறி நின்று சிக்யூ கூப்பிடுவீர்கள். உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரே விசை நிலைமைக்கேற்ப வேறு வேலை செய்வதை இடைமுகத் துறையில் 'மோடு' என்பார்கள். வெட்டு-ஒட்டு முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் மோடுகளுக்கு ஜென்ம விரோதி. காரின் நம்பர் பலகையிலேயே 'நோமோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். எங்கள் துறையில் அவர் சொன்னது கிட்டத்தட்ட வேதம். போட்டி மென்பொருள்காரர்களால் அதைப் பின்பற்ற முடியாது. அவர்கள் விளையாட்டே இரண்டு மோடுகளால் ஆனது. அவர்கள் கண்டுபிடித்த வழி என்னவென்றால், மோடை மாற்றும் பொறுப்பை ரேடியோவின் திருகியிடம் விட்டது. சிக்யூ கூப்பிட்ட அலைவரிசையை விட்டு நீங்கள் திருகியைத் திருப்பினால், தேடப் போகிறீர்கள் என்று என்1எம்எம் புரிந்துகொண்டு தானே மாறிக்கொள்ளும். எப்படியும் செய்தே ஆக வேண்டிய ஓர் உடலசைவிலேயே அந்தத் தகவல் இருந்தது. அதைக் கவனிக்க ஒருவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போகலாம்? இந்தியக் குறியைத் தட்டினால் 22 என்று மென்பொருளே நிரப்பிவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் மண்டலங்கள் மூன்று. குறியில் இருக்கும் எண்ணை வைத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று இப்போது சொல்ல முடியாது. அங்கே அது ஊகம். முந்தைய போட்டிகளில் கலந்துகொண்டவர்களின் குறிகளைத் தொகுத்த கோப்பு ஒன்றும் உண்டு. மூன்று எழுத்தைத் தட்டினால் அவை வரும் குறிகளையெல்லாம் திரையில் காட்டும். காது பாதியைக் கேட்டிருக்கும், கண் மீதியை முடித்துவைக்கத் துடிக்கும். இந்தச் சபலத்துக்கு விலை உண்டு. போட்டி முடிந்ததும் எல்லோருடைய குறிப்பேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தொடர்பு போச்சு. பெரிய போட்டிகளில் அதற்கு மேல் அபராதமும் உண்டு. 2008இல் பட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்டு எல்லோருடைய மோர்ஸையும் எழுத்தாக்கிக் காட்டும் சிடபிள்யூ ஸ்கிம்மர் என்ற மென்பொருள் வந்தபோது பெரிய விவாதம் நடந்தது. போட்டி நடத்துகிறவர்கள் அதைத் தடை செய்யவில்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் 'உதவி பெற்றவர்' என்ற பிரிவில் ஆடட்டும் என்று வகுத்தார்கள்.

இதில் ஒரு தெளிவு இருக்கிறது. அனுப்புவதை இயந்திரத்துக்குக் கொடுத்தாயிற்று. கணக்கு வைப்பதைக் கொடுத்தாயிற்று. அடுத்து என்ன என்று நினைவில் வைப்பதைக்கூடக் கொடுத்தாயிற்று. இவற்றுக்காகப் பெரிதாக யாரும் வருத்தப்படவில்லை. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குறியைக் காதால் பிரித்தெடுப்பது மட்டும் மனிதருடையது, அதைக் கொடுப்பதானால் வேறு பெயரில் கொடு என்று கோடு கிழித்தார்கள். எதைச் சுலபமாக்கலாம், எதைச் சுலபமாக்கினால் விளையாட்டே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் மென்பொருளை எழுதியவர்கள் அதே நாற்காலியில் 48 மணி நேரம் உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய அழைப்புக்குறியும் மற்றவர்களின் குறிப்பேட்டில் இருந்தது.

எங்கள் கூட்டங்களில் ஒரு விசையை மாற்றுவதற்குமுன் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் தூக்கிவிடுவோம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு என்று இப்போது தோன்றுகிறது. இந்த விசை யாருடைய விரலில் ஏற்கெனவே இருக்கிறது? நாம் மிச்சம்பிடித்துத் தரும் அந்த ஒரு நொடி, அவர் கொடுக்க விரும்பிய நொடியா, தனக்கென்று வைத்துக்கொள்ள விரும்பிய நொடியா? முதல் கேள்விக்கு விடை தேட ஒரு நாற்பது வருட விசைப்பலகை வரலாறு போதும். இரண்டாவதற்கு அந்த மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் முடியும்.